வெள்ளை மூடி டப்பா

எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மா ஓடுமா? ஒரு வருஷமா என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை முழுசாப் பேசாதவ, சனிக்கிழமை சாயங்காலம் சமையலறை வாசல்ல வந்து நின்னு, "சித்தி, நாளைக்கு மத்தியானம் நான் சமைக்கட்டுமா?"ன்னு கேட்டா நான் என்னன்னு எடுத்துக்கறது?

சித்தியாம்! என் காதை நானே நம்பல. இவ என் வீட்டுக்காரரோட முதல் தாரத்துப் பொண்ணு. பதினாறு வயசு. அவ அம்மா தவறினதுக்கப்புறம் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். வந்த நாள்லேருந்து என்னை "இங்க பாருங்க", "உங்களைத்தான்", அவ்வளவுதான். பாதி நேரம் அதுவும் கிடையாது, தொண்டையைச் செருமுவா, நான் திரும்பிப் பார்த்துக்கணும்.

என் பிழைப்பு பஸ்ல டிக்கெட் செக் பண்றது. திடுதிப்புன்னு ஒரு ஸ்டாப்புல ஏறி, ஒவ்வொருத்தர் கையா பார்த்துட்டு இறங்கிடுவேன். டிக்கெட் எடுத்தவன்கூட என்னைப் பார்த்தா சட்டைப் பையைத் தடவுவான். அனுபவத்துல ஒண்ணு கத்துக்கிட்டேன். முறைக்கறவன்கிட்ட டிக்கெட் இருக்கும். சிரிச்சுக்கிட்டே, "வாங்க மேடம், உக்காருங்க"ன்னு நகர்ந்து இடம் குடுக்கறான் பாருங்க, அவன்கிட்டதான் இருக்காது.

இவ இடம் குடுத்தா. எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு.

வேர்க்கறதுக்குக் காரணமும் இருந்துச்சு. திங்கட்கிழமை அவ பெரியம்மா வரதா இருந்தாங்க. "பொண்ணை என்கூட அனுப்பிடுங்க, மேல்படிப்பை எங்க ஊர்லயே பார்த்துக்கறேன்"னு மாசக் கணக்கா போன்ல நச்சரிப்பு. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன். "அவ இஷ்டம். ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுன்னு சொல்லியிருக்கேன்"னு முடிச்சுட்டார். சொல்லிட்டு ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தது எனக்குத்தானே தெரியும்.

அவ போயிட்டா ஊர் என்ன சொல்லும்? சித்திக்காரி துரத்திட்டான்னு சொல்லும். சொல்லட்டும், அதுகூடப் பரவாயில்ல. அவ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் தொப்புன்னு போடுவா, செருப்பை ஒண்ணை அங்கயும் ஒண்ணை இங்கயும் உதறுவா, நான் கத்துவேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு வீடு வீடா இருக்கும். அவ இங்கயே இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. அதை அவகிட்ட சொன்னேனான்னு கேக்காதீங்க. செருப்பை ஒழுங்கா விடுன்னுதான் சொல்லியிருக்கேன்.

ஆசை இருக்கற இடத்துலதானே பயமும் இருக்கும். போகப் போறவ எதுக்குச் சமைக்கணும்? ஏதோ திட்டம். நான் ஏதாவது கத்துவேன், தட்டைத் தள்ளுவேன், "பாருங்கப்பா, இவங்ககூட எப்படி இருக்கறது"ன்னு கண்ணைக் கசக்கிட்டு மூட்டையைக் கட்டலாம். இப்படி ஓடுச்சு என் புத்தி.

"என்ன சமைக்கப் போற?"

"கொரியாக்காரங்க செய்வாங்கள்ல, மாட்டுக்கறியை ஊற வெச்சு, குச்சியில கோத்து, கரியில சுடறது. போன்ல பார்த்தேன்."

"நான் சாதாரணமா குழம்பு வெச்சாலே மூஞ்சியைச் சுளிப்பியே."

அவ சிரிச்சா! அடிப்பாவி, சிரிக்கறாளே!

கறியை அவளே போய் வாங்கிட்டு வந்தா. ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வெச்சு, இறுகினதும் மெல்லிசு மெல்லிசா சீவினா. சோயா சாஸ், சர்க்கரை, தட்டின பூண்டு, மிளகு, வறுத்த எள்ளோட எண்ணெய். வாசனை என்னவோ ஆளைத் தூக்குச்சு, பொய் சொல்ல மாட்டேன். நான் ஃப்ரிட்ஜைத் துடைக்கற சாக்குல அங்கயே நின்னேன். துடைச்ச கதவையே திரும்பத் திரும்பத் துடைச்சேன்.

ரெண்டு டப்பா எடுத்தா. நீல மூடி ஒண்ணு, வெள்ளை மூடி ஒண்ணு. நீல மூடியில நிறையக் கறி. வெள்ளை மூடியில கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை மட்டும் கத்தியோட முதுகால டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருந்தா.

"எதுக்கு ரெண்டு டப்பா?"

"சும்மாதான் சித்தி."

சும்மா! செக்கர் காதுல பூ சுத்தறா. நான் துணி எடுக்கப் போய்த் திரும்பறதுக்குள்ள மிக்ஸி ஓடற சத்தம். வந்து பார்த்தா வெளுப்பா கூழ் மாதிரி எதையோ வெள்ளை மூடி டப்பாவுல ஊத்திக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் டப்புன்னு மூடினா. மிக்ஸி ஜாரை உடனே கழுவியும் வெச்சுட்டா. ஒரு வருஷத்துல அவ கழுவின முதல் பாத்திரம் அது.

அதோட விட்டாளா? அப்புறம் பால்கனியில ஃப்ரெண்டுகிட்ட போன்ல கிசுகிசுக்கறது என் காதுல விழுந்துச்சு. "அவங்களுக்கு முன்னாடியே தெரியக் கூடாதுடி. தெரிஞ்சா சாப்பிட மாட்டாங்க."

இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை காலையில அவ குளிக்கப் போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வெள்ளை மூடி டப்பா பின்னால, தயிருக்கும் பின்னால ஒளிஞ்சிருந்துச்சு. நீல மூடியில கறி கறியாட்டம் இருந்துச்சு, விரலால அழுத்தினா எதிர்த்து நின்னுச்சு. வெள்ளை மூடியிலயோ, தொட்டா துவண்டுச்சு. நிறமும் வெளிறிக் கிடந்துச்சு. சோயா வாசத்துக்கு அடியில இனிப்பா வேற ஒரு வாசம். நாக்குல வெச்சுப் பார்க்கத் தைரியம் வரல.

பேதி மாத்திரைதான், முடிவு பண்ணிட்டேன். உயிரை எடுக்கற அளவுக்கெல்லாம் அவ கிடையாது. ஆனா நாளைக்குப் பெரியம்மா வந்து உக்காந்திருக்கும்போது நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து ஓடினா எப்படி இருக்கும்? ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே கிளம்பிடுவாங்க.

டப்பாவைக் குப்பையில கொட்டியிருக்கலாம். அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். செய்யல. கையும் களவுமா பிடிக்கணுமே! அதானே என் தொழில்.

மத்தியானம் அவர் பால்கனியில கரி அடுப்பைப் பத்த வெச்சார். அட்டையால விசிறி விசிறி அவர் கண்ணு ரெண்டும் சிவந்துடுச்சு. எதிர் வீட்டு ஜன்னல் படார்னு சாத்திக்கிச்சு. அவ உக்காந்து, தண்ணியில ஊறின குச்சிகளை எடுத்து, கறியை மடிச்சு மடிச்சு, நடுவுல வெங்காயமும் குடமிளகாயும் வெச்சுக் கோத்துக் குடுத்தா.

"அப்பா, இந்த ரெண்டு குச்சி தனி. பக்கத்துலயே நில்லுங்க, விட்டா பிஞ்சு விழுந்துடும். சித்திக்கு."

"உத்தரவு மகாராணி!" அவருக்குச் சந்தோஷம் தாங்கல. என்னைப் பார்த்துக் கண்ணடிச்சார். பாவம், மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

மூணு தட்டு மேசைக்கு வந்துச்சு. என் முன்னால ஒண்ணை வெச்சா, அவ இடத்துல ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. சுட்டதுக்கப்புறம் எது எந்த டப்பா கறின்னு பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே பளபளப்பு. அவர் இன்னும் பால்கனியில அடுத்ததைச் சுட்டுக்கிட்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்"னேன்.

அவ உள்ள போனா. நான் தட்டை மாத்தினேன். என்னோடது அவளுக்கு, அவளோடது எனக்கு. செஞ்சவளே தின்னட்டும், முகம் மாறுதான்னு பார்ப்போம்.

தண்ணியை வெச்சுட்டு உக்காந்தா. "முதல்ல நீங்க சாப்பிடுங்க சித்தி"ன்னா. கண்ணு என் வாயிலயே இருந்துச்சு. எங்க, சாப்பிட்டுக் காட்டறேன்னு ஒரு துண்டை இழுத்து நல்லா ஒரு கடி கடிச்சேன்.

அம்மாடி! கடைவாய்ப் பல்லுலேருந்து காது வரைக்கும் ஒரு மின்னல். அந்தப் பல்லு சொத்தையாகி ரொம்ப நாளாச்சு. பல்லு டாக்டர் நாற்காலின்னாலே எனக்குப் பயம், அதனால வீட்டுல மூச்சு விடல. பொறுத்துக்கிட்டு மறுபக்கம் தள்ளினேன். கறி ருசிதான், ஆனா இழுவை. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அவ முகம் சுருங்கிடுச்சு. "கடினமாவா இருக்கு? அப்படி இருக்காதே..." சொல்லிக்கிட்டே தன் தட்டுலேருந்து ஒண்ணைக் கடிச்சா.

மெல்லவே இல்ல. வாயில வெச்சதும் தாடை அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் மெதுவா முழுங்கினா. என் தட்டைப் பார்த்தா, அவ தட்டைப் பார்த்தா, தண்ணி டம்ளரைப் பார்த்தா.

"தட்டை மாத்தினீங்களா?"

நான் தண்ணி டம்ளரை எடுத்தேன்.

"பேரிக்காய் அரைச்சு ஊத்தினா கறி மெத்துன்னு ஆயிடும்னு சொன்னாங்க. நீங்க எப்பவும் ஒரு பக்கமாவே மெல்றீங்க. கறி வெச்சா குழம்பை மட்டும் ஊத்திக்கறீங்க. முன்னாடியே சொன்னா, 'எனக்கென்ன பல்லு போச்சா'ன்னு கத்துவீங்க, சாப்பிட மாட்டீங்க." குரல் உயரல. பாடம் ஒப்பிக்கற மாதிரி சொன்னா. "எதுக்கு மாத்தினீங்க? நான் ஏதாவது கலந்திருப்பேன்னு நினைச்சீங்களா?"

இல்லடின்னு சொல்லியிருக்கலாம். பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா டிக்கெட் இல்லாதவன் முழிக்கற முழி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் அப்படித்தான் முழிச்சுக்கிட்டிருந்தேன். அவ பார்த்துட்டா.

அவ அழல. அழுதிருந்தா நான் எழுந்து போய்க் கட்டிப் பிடிச்சிருப்பேன். குச்சியைக் கையில எடுத்து, என்னைப் பார்த்துக்கிட்டே ஒரு துண்டு தின்னா. அடுத்தது தின்னா. எனக்காகத் தட்டித் தட்டி ஊற வெச்ச கறி, பல்லே வேணாம், நாக்காலயே நசுங்குது, பார்க்கறப்பவே தெரியுது. "வேணாம்டி, போதும்"னேன். நிறுத்தல. ரெண்டாவது குச்சியும் காலி. குச்சியைத் தட்டுல வெச்சா.

"பாருங்க. ஒண்ணும் ஆகல."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சவ நான். அந்த நேரத்துல அவர் அடுத்த தட்டோட உள்ள வந்தார், மூக்கு நுனியெல்லாம் கரி. "என்ன, சித்திக்குச் செஞ்சது எப்படி இருந்துச்சாம்?"

அவ என்னைப் பார்க்கல. "எல்லாத்தையும் சாப்பிட்டாங்கப்பா. ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

"பார்த்தியா! ரெண்டு பேரும் ஒத்துப் போவீங்கன்னு நான் சொன்னேன்ல!" அவர் சிரிச்ச சிரிப்பை எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பார்த்ததில்ல.

"அப்பா, பெரியம்மாவை நாளைக்குக் காலையிலயே வரச் சொல்லிடுங்க. நான் துணியெல்லாம் எடுத்து வைக்கறேன்."

எழுந்து அவ ரூமுக்குப் போயிட்டா. கதவைச் சாத்தற சத்தம்கூட வரல.

அவர் கையில தட்டோட அப்படியே நின்னார். மூடின கதவைப் பார்த்தார், மேசை மேல கிடந்த குச்சிகளைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். வாயில விரலை வெச்சாலும் கடிக்கத் தெரியாத அந்த மனுஷன், ஏறின பயணி ஒவ்வொருத்தரையும் நான் பார்க்கற பார்வையை என்மேல திருப்பினார்.

"என்ன பண்ணின அவளை?"

"தட்டை மாத்தினேன்"னு சொன்னேன்.