எல்லாப் பொத்தானுக்கும் ஒரே பெட்டி

கனடாவின் வின்னிபெக்கில், ஐஸ் மேல் கல்லைச் சறுக்கி விளையாடும் அந்தக் கர்லிங் கிளப்பில் எல்டன் ஜக்காரியாஸ் தவறு செய்து யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்களை அவர் பேசவிட்டதுமில்லை. முப்பது வருஷம் கணினி நிரல் எழுதி ஓய்வு பெற்ற மனுஷர். கெட்டிக்காரர் என்ற பெயர்தான் அவருக்கு மிச்சமிருந்த சொத்து.

இந்த வருஷத் தலைவர் தேர்தலை வாசலில் கிடக்கும் பழைய தொடுதிரையில் நடத்திக் காட்டுவதாகக் கிளம்பினார். பட்டியலில் மூன்று பேர்: பதினோரு வருஷத் தலைவி லோர்னா, ஐஸ் பராமரிக்கும் ஆர்வில், கடைசியில் எல்டன். போட்டியாளரே ஓட்டுப்பெட்டி செய்வதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நிரலைப் புது பாணியில் எழுதியிருந்தார். ‘லெட்’ என்ற சொல்லைக் கண்டாலே கிழட்டு இயந்திரம் முரண்டு பிடித்தது.

“பழசுக்கு மாத்திக் குடுக்கற கருவி இருக்கே எல்டன், ஒரு நிமிஷ வேலை” என்றாள் கெல்சி. கிளப்பின் இளம் உறுப்பினரான அவளும் நிரல் எழுதுகிறவள்தான்.

“ஊன்றுகோல் உனக்கு வேணும்னா வச்சுக்கோம்மா. எனக்குக் கால் இருக்கு.”

எல்லா ‘லெட்’டையும் அழித்து, பழைய ‘வார்’ என்ற சொல்லை அப்படியே நிரப்பினார். பிறகு தம் பெயரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். ஓட்டு விழுந்தது. வேறு யார் பெயரை அமுக்க அவருக்கு மனசு வரும்?

தேர்தல் நாளில் எல்லாரும் ஓட்டுப் போட்டு, போர்ஷ் சூப்பும் பெரோகிக் கொழுக்கட்டையும் சாப்பிட்டான பிறகு முடிவு வந்தது. எல்டனுக்கு அறுபத்தொன்று. மற்ற இருவருக்கும் சுழியம்.

“எனக்கு நானே போட்டேனே, அது எங்க போச்சு?” என்றார் லோர்னா.

“என் பொண்டாட்டியுமா உனக்குப் போட்டா?” ஆர்வில் எழுந்தே விட்டார்.

கெல்சி நிரலை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்டன் காதருகே குனிந்தாள். “லெட் போட்டா ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிப் பெட்டி. நீங்க மாத்தினதுல எல்லாத்துக்கும் ஒரே பெட்டி. கடைசியா அதுல விழுந்தது உங்க பேரு. எதை அமுக்கினாலும் நீங்கதான். சொல்லிடவா?”

எல்டன் வேண்டாமென்று தலையாட்டினார்.

“வாயத் தெறய்யா! திருடினியா, இல்ல வேலை தெரியாமக் கெடுத்தியா?” என்றார் லோர்னா.

எல்டன் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். “திருடினேன்.”

காகிதத்தில் மறு ஓட்டு; லோர்னாவே ஜெயித்தார். எல்டனுக்கு இரண்டு வருஷம் கிளப்பில் கால் வைக்கத் தடை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பின்னாலிருந்து ஆர்வில் குரல் கேட்டது: “என்னதான் சொல்லு, கைகாரன்யா! ஒரு ஓட்டு தப்பலையே!”

எல்டன் கதவருகே நின்று அதை இன்னொரு தடவை சொல்கிறாரா என்று காது கொடுத்தார்.