குமாஸ்தா மறக்காதது

அந்த வீட்டில் இரண்டு கணினிகள். ஒன்று, கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. விசைப்பலகைதான் முழு இயந்திரமும். பழைய டிவிப் பெட்டி அதற்குத் திரை. எழுதியதைச் சேமிக்க ஒரு டேப்ரெக்கார்டர். அதை ‘மூத்தவ’ என்பார். “அப்ப நான் ரெண்டாந்தாரமா?” என்று மனைவி கேட்டால், “அவ எதிர்த்துப் பேச மாட்டா” என்பார்.

மற்றது எல்லார் வீட்டிலும் இருக்கிற லேப்டாப். மின்கட்டணம், ரயில் டிக்கெட், டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லாம் அதில்தான். அதற்குப் பெயர் ‘குமாஸ்தா’. மதிக்கவே மாட்டார்; அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

அன்று காலை மூத்தவளின் மேல்தான் சரிந்து கிடந்தார். திரை நிறைய எழுத்து. அவள் கண்ணாடி சமையலறையில் கிடந்தது. முதல் வரியில் தன் செல்லப் பெயர் இருப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது திரை அப்படியே எரிந்துகொண்டிருந்தது. இன்று படித்தால் தாங்காது, மனசு அடங்கியபின் படிக்கலாம் என்று அணைத்தாள். மூடித் திறந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கிற குமாஸ்தாவோடு பழகிய கை.

இரண்டு வாரம் கழித்து, பழைய கணினிகளைப் பழுது பார்க்கும் அவருடைய கூட்டாளியை வரச் சொன்னாள். சட்டையில் எப்போதும் ஈயம் பற்றவைக்கும் புகை வாசம் அடிப்பதால் அவரை ‘சாலிடர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த எழுத்தைத் திரும்பக் காட்டச் சொன்னாள். அவர் சுவிட்சைப் போட்டார். வெறும் திரையில் ஒரு சதுரம் மட்டும் விட்டு விட்டு மின்னியது.

“அண்ணி, அன்னிக்கு டேப் ஓடுற கீச்சுச் சத்தம் கேட்டுச்சா?”

வருஷக்கணக்காக அவள் திட்டித் தீர்த்த சத்தம். அன்று கேட்கவில்லை.

“டேப்புல ஏத்தலன்னா, அணைச்சதும் அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது அண்ணி.”

யார் அணைத்தது என்று அவர் கேட்கவில்லை. டேப்பில் இருந்ததை ஏற்றிப் பார்த்தார். ஐந்து நிமிஷக் கூச்சலுக்குப் பிறகு, பாதியில் நின்ற ஒரு சதுரங்க ஆட்டம் வந்தது.

ஒருவேளை லேப்டாப்பிலும் எழுதியிருப்பாரோ என்று சாலிடர் சொன்னதும், அவள் படுக்கையறையிலிருந்து அதைக் கொண்டுவந்து சார்ஜரில் போட்டாள். கடிதம் எதுவும் இல்லை. அவர் கடைசியாகத் தேடியது மட்டும் இருந்தது, நேரத்தோடு. ஏழு பத்து: இடது கை வலி, நெஞ்சில் பாரம், என்ன செய்ய வேண்டும்.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் என்று அதன் கீழே தடித்த எழுத்தில் இருந்தது.

அவர் விழுந்த சத்தம் கேட்டு அவள் ஓடியது ஏழே முக்காலுக்கு. அதுவரை பத்தடி தள்ளி, சமையலறையில்தான் இருந்தாள்.

“மூடிடுங்க அண்ணி.”

“மூடினா மட்டும் இது மறந்துடுமா?” என்றாள். பிறகு, மூத்தவளின் திரையில் பாதியில் நின்ற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, “முப்பத்தஞ்சு நிமிஷம். எங்கிட்ட சொல்ல வேண்டியத அவகிட்ட சொல்லிட்டு இருந்திருக்காரு.”

சாலிடர் டேப்பை வெளியே எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.