கருப்பிடம் இரவல் வாங்கிய செயின்

கரண்ட் ஷட்டவுன் அன்றைக்குச் செல்லூர் ஊமையாகிவிடும். விசைத்தறிகள் நின்றால் தறிக்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாது. வேடிக்கை பார்க்க ஏதாவது கிடைக்காதா என்று தெருவுக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் முத்துமீனாவின் மெக்கானிக் கடை முன்னால் ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. அதன் மேலே கயிறு போட்டுக் கட்டிய பழைய பைக். பக்கத்தில் அவளுடைய அண்ணன் ராஜபாண்டி.

முத்துமீனாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. கடை போட்ட நாளிலிருந்து அவன் தன் வண்டியை இங்கே விட்டதே இல்லை. மதுரையில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்குவான், தங்கச்சி கடையில் டீ மட்டும் குடித்துவிட்டுப் போவான். வேலையில் கோளாறு வந்தால் உன்னைத் திட்ட மனசு வராதே என்று ஒரு சாக்கு வேறு. இன்றைக்கும் பாசத்தில் வரவில்லை. வழக்கமான கடை பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் சமயநல்லூரில் அக்கா மகள் பவதாரிணிக்குச் சடங்கு. தாய்மாமன் சீருக்கு முன்னால் இந்த வண்டியில்தான் போவேன் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

செயினும் பல்சக்கரமும் தேய்ந்துவிட்டன, புதுசு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முத்துமீனா குனிந்து பார்த்தாள். வண்டியில் செயினே இல்லை.

ராஜபாண்டி பெருமையாகச் சொன்னான். போன வாரம் ஆனையூர் ரோட்டில் அந்தச் செயின் கழன்று விழுந்தும் மேலில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் எழுந்தானாம். அதனால் செயினைச் சங்கிலிக் கருப்புக்கு நேர்ந்துகொண்டு, இன்று காலையில் அவனே கழற்றி, கோயில் அரிவாளில் மாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"நட்டைக் கழட்டாம யாராச்சும் செயினக் கழட்டுவாகளாண்ணே?" என்று அவள் தலையில் கைவைத்தாள்.

முன் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கிற நட்டு லேசில் வராது. செயின் இருந்தால் பின் பிரேக்கை மிதித்து அந்தப் பல்சக்கரத்தையும் அசையாமல் நிறுத்தலாம். செயின் இல்லாததால் ஸ்பானரோடு எல்லாம் சேர்ந்து சுற்றியது. நட்டுக் கழற்றுகிற காற்றுத் துப்பாக்கி வைத்தால் ஒரு நிமிஷ வேலைதான். அதற்குக் கரண்ட் வேண்டுமே. புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் மாட்டி இழுத்தால் அது மாட்டுகிற அன்றைக்கே நாசமாகிவிடும். அந்த மாடலுக்கான அகலச் செயின் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது.

தறிக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் உளியில் வந்து நின்றார்கள். நட்டைப் பிளந்து எடு என்றார்கள். உளி வழுக்கினால் ஷாப்ட்டின் மரை போய்விடும், அப்புறம் வண்டி எங்கேயும் போகாது என்று அவளுக்குத் தெரியும். ராஜபாண்டி மணியைப் பார்த்தான். "பேசாம வேற கடைக்கு ஏத்திட்டுப் போயிறவா?" என்றான்.

அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. உளியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். ஏறு, கோயிலுக்குப் போய்வருவோம் என்றாள்.

கோயிலில் அரிவாளில் தொங்கிய செயினைப் பார்த்ததும் ராஜபாண்டிக்கு வேர்த்துவிட்டது. சாமிக்குப் போட்டதைத் திரும்ப எடுப்பதாவது என்று பின்வாங்கினான். முத்துமீனா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்று, உளியைக் கருப்பின் காலடியில் வைத்தாள்.

"கருப்பா, ஒன் செயின இரவலாக் கேக்குறேன். ஈடா என் உளி இங்கன கிடக்கட்டும். நட்டு முழுசா வந்தாத்தேன் இதத் தொடுவேன்."

சொல்லிவிட்டுச் செயினை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராஜபாண்டி கண்ணை இறுக்க மூடியிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் திறந்தான்.

கடைக்கு வந்து செயினை மாட்டினாள். அண்ணனைச் சீட்டில் ஏற்றி, எழுந்து நின்று பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். நட்டு திரும்பாமல் இருக்க மடக்கியிருந்த வாஷரின் காதை நிமிர்த்தினாள். தறிக்கூடத்திலிருந்து வாங்கிய நீளக் குழாயை ஸ்பானரில் சொருகித் தொங்கினாள். குழாய்தான் வளைந்தது, நட்டு அசையவில்லை. உளிதான் சரி என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார். உளி சாமியிடம் இருக்கிறது என்று அவள் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்த முறை குழாயின் நுனிக்குப் போய், உடம்பு பாரம் மொத்தத்தையும் இறக்கினாள். படாரென்று ஒரு சத்தம். குழாய் முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பார்த்தால் நட்டு திரும்பியிருந்தது. மீதியை விரலாலேயே கழற்றினாள். மரை ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. அப்படி ஒரு கர்வம் அவளுக்கு வந்தது, அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

புது செட் மாட்டியதும் கோயிலுக்குப் போனார்கள். செயினோடு பழைய பல்சக்கரத்தையும் சேர்த்துக் கட்டி, உளியை எடுத்துக்கொண்டாள்.

சமயநல்லூர் மண்டப வாசலில் மேளத்துக்கு முன்னால் வண்டி போய் நின்றது. சத்தமே இல்லாமல் வருதே, எந்தக் கடையில் விட்ட மாப்ள என்று அக்கா வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார். பின்னால் சீர்த்தட்டோடு வந்த முத்துமீனா நின்றுவிட்டாள்.

ராஜபாண்டி அவளைக் கைகாட்டினான்.

"என் தங்கச்சி கடையில. கருப்பசாமியே நம்பி இரவல் குடுத்தாரு மாமா. எனக்குத்தேன் நம்ப இம்புட்டு நாளாச்சு."