வரிசையில் நான்காமவன்

1985 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, பனி சீக்கிரம் விழும் ஒரு பல்கலைக்கழகத்தில், எட்டு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றபோது மூன்றாவது ஆளுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விழுந்தது. நெருங்கி நிற்கும்படி புகைப்படக்காரர் சொன்னார். நெருங்கினார்கள். மொத்த வரிசையும் நகர்ந்ததே தவிர அந்த இடம் குறையவில்லை. பின்னால் நின்றவனைப் பிடித்துத் தள்ளியும் பார்த்தார்கள். ஒன்றுமில்லாத காற்றில் மூக்கு இடித்துச் சிவந்ததுதான் மிச்சம். புகைப்படக்காரருக்கு வேறு வேலை இருந்தது. இடைவெளியோடு படத்தை எடுத்துவிட்டுப் போய்விட்டார். மாணவர் மன்றத்தின் இரண்டாம் மாடியில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது.

அந்த எட்டுப் பேரும் அந்த இலையுதிர்காலத்தில்தான் தங்களுக்கென்று ஒரு சகோதரர் சங்கத்தை உண்டாக்கியிருந்தார்கள். மற்ற சங்கங்களுக்கு மூன்று கிரேக்க எழுத்துப் பெயரும், வெள்ளைத் தூண் வைத்த வீடும், அந்த வீட்டுச் சுவரில் மீசையோடு முறைக்கும் முன்னோர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு எழுத்துகள் மட்டும்தான் கிடைத்தன. பிராங்க்ஸ், குயின்ஸ், வாஷிங்டன் ஹைட்ஸ் என்று நியூயார்க் நகரத்துப் பகுதிகளிலிருந்து ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து சேர்ந்த போர்ட்டோ ரிக்கோ, டொமினிகன், கியூபா, கொலம்பியா வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் வருகை எடுக்கும் பேராசிரியர் இவர்கள் பெயரைப் பாதியிலேயே கைவிட்டு, கையைக் காட்டி விடுவார். விடுதியின் அடித்தளத்தில் இருந்த துணி துவைக்கும் அறைதான் இவர்களுக்கு வீடு. துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் அந்த ஊரிலேயே கரீபியன் வெக்கை அடித்த ஒரே இடம் அது. அங்கே உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். அதட்டிக் கேட்கப் பெரியவர்கள் யாரும் இல்லாததால், இருபது வயதுக்கே உரிய கண்டிப்போடு எழுதினார்கள். குள்ளனில் தொடங்கி உயர வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவன் தோளில் வலக்கையை வைக்க வேண்டும். கிடைத்த எண் ஆயுளுக்கும் மாறாது. சங்கத்தில் முறைப்படி சேரும் சேர்ப்பு நாளில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். வராதவன் பெயரை ஏட்டில் எழுத மற்ற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவன் மறுத்தாலும் மறுத்ததுதான், இரண்டாம் முறை கேட்பதில்லை.

உண்மையில் அவர்கள் ஒன்பது பேர். நான்காமவன் மொய்சேஸ் பச்சேகோ, போர்ட்டோ ரிக்கோவில் பொன்சே ஊர்க்காரன், ஊதினால் பறந்துவிடுவான் போல அத்தனை ஒல்லி. வரிசையாகக் காலைத் தட்டி ஆடிக்கொண்டே நடக்கும் நடையை எல்லோருக்கும் பழக்கியவன் அவன்தான். அவனுக்குப் பின்னால் நின்ற ஐந்தாமவன் ஃபெர்மின் அப்ரெயு, அவனுடைய அறைத் தோழன். சேர்ப்பு நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது பொன்சேயில் பெருமழைக்கு மலைச்சரிவு இறங்கி மொய்சேஸின் அம்மா இருந்த வீடு மண்ணுக்குள் போனது. அம்மா பிழைத்தாள், மாமா பிழைக்கவில்லை. விடுதித் தாழ்வாரத்துத் தொலைபேசியில் செய்தி கேட்டவன் குளிர்கோட்டைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டான்.

ஞாயிறு மதியம் துணி துவைக்கும் அறையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆளுக்கு ஒரு சிவப்பு பீன்ஸ், ஒரு கறுப்பு பீன்ஸ். மொய்சேஸின் பெயரை எழுதலாம் என்றால் சிவப்பை, கூடாது என்றால் கறுப்பைக் காப்பித்தூள் டப்பாவில் போட வேண்டும். கவிழ்த்தபோது ஏழு சிவப்பும் ஒரு கறுப்பும் விழுந்தன. எல்லோர் பார்வையும் ஒன்பதாமவனான நெட்டை ஓஸ்வால்தோ மேல் போனது. அவன் கியூபா வீட்டுப் பையன். கறுப்பு பீன்ஸ் அவன் அம்மா அனுப்பிய பொட்டலத்திலிருந்து வந்தது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன்தானே அதைப் போட்டிருப்பான் என்று ஏழு தலைகளும் ஆடின. அவர்களில் ஒருவனுக்கு மட்டும் உண்மை தெரியும். கறுப்பைப் போட்டவன் ஃபெர்மின். முந்தின நாள், சனிக்கிழமை, அவன் தங்கை நெரேய்தாவுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் விழா. அப்பா இல்லாத வீட்டில் தங்கையோடு முதல் நடனம் ஆட வேண்டியவன் அண்ணன்தான். அன்று நடந்த சங்க ஒத்திகைக்கு வராதவன் வரிசையில் இல்லை என்ற சட்டத்துக்குப் பயந்து அவன் போகவில்லை. நெரேய்தா பக்கத்துக் கடை மருந்துக்காரரோடு ஆடினாள், அதற்குப் பிறகு அண்ணனோடு பேசவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேனே, அவன் மட்டும் போனானே என்ற வயிற்றெரிச்சல் அந்த ஒரு நிமிடம் அவன் விரலில் வந்து உட்கார்ந்துவிட்டது. யாராவது எதிர்த்துக் கத்துவார்கள், மறுபடி வாக்கெடுப்பார்கள், அப்போது சிவப்பைப் போட்டுவிடலாம் என்று காத்திருந்தான். சட்டத்தை எழுதியவர்கள் அவர்களே என்பதால் யாரும் கத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுக்கப் போனார்கள், இடம் விழுந்தது.

அம்மாவையும் இரண்டு தம்பிகளையும் விட்டு மொய்சேஸால் திரும்பி வர முடியவில்லை. இடம் மட்டும் தங்கிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் இவர்கள் வரிசையாகத் தட்டேந்தினால் பரிமாறும் அம்மாள் நான்காவதாகக் காற்றுக்கு ஒரு கரண்டி சோறு நீட்டிவிட்டுத் திகைப்பாள். பனியில் ஆடினால் எட்டு ஜோடிக் கால்களுக்கு ஒன்பது ஜோடித் தடம் பதியும், நான்காவதுதான் தாளம் தப்பாத தடம். அதற்குப் பின் வந்த ஒவ்வோர் ஆண்டுப் பிள்ளைகளின் வரிசையிலும் அதே இடத்தில் அதே அளவுக்கு இடம் விழுந்தது. தொண்ணூறுகளில் இருபது பேர் சேர்ந்தார்கள், பிறகு ஒரு காலத்தில் மூன்றே பேர் சேர்ந்தார்கள். அந்த மூன்று பேர் வரிசையிலும் கடைசியில் யாரோ நிற்பதை எல்லோரும் உணர்ந்தார்கள். சங்கம் வேறு பல கல்லூரிகளுக்கும் பரவியது. போன இடமெல்லாம் இடமும் கூடப் போனது.

ஃபெர்மின் படித்து முடித்து நியூயார்க் நகரத்தில் மின்தூக்கி சோதனை செய்யும் வேலைக்குப் போனான். ஒவ்வோர் அக்டோபரிலும் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்பான். வலக்கையை நீட்டினால் அது வெற்றுக் காற்றில் கீழே விழாது. கோட்டில்லாத, குளிரில் லேசாக நடுங்கும் ஒரு தோளில் போய் உட்காரும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பது தாண்டியவரை அவன் என்று எழுதுவது முறையில்லை, ஆகவே ஃபெர்மின் இனி அவர். கைக்கடியில் இருந்த தோளுக்கு மட்டும் பத்தொன்பது வயதாகவே இருந்தது. ஓஸ்வால்தோ பல் மருத்துவரானார். கறுப்பைத் தான் போடவில்லை என்று பத்து வருஷம் சத்தியம் செய்து பார்த்தார், அப்புறம் அதையும் விட்டுவிட்டார். சகோதரர்களின் கல்யாணங்களில் அவருக்குச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசைதான். ஆண்டு விழாவுக்கு அவர் ஆக்கி வரும் கறுப்பு பீன்ஸ் தொடுவாரில்லாமல் திரும்பிப் போகும். இத்தனைக்கும் அவர் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்று ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தியவர் ஃபெர்மின். அந்த ஞான உறவால் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2023இல் ஓஸ்வால்தோ பொறுத்தது போதுமென்று பொன்சேக்கே போய், தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த மொய்சேஸைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். நான்காம் இடத்தில் நான்காமவரையே நிறுத்திவிட்டால் பீன்ஸ் பேச்சு ஒழியும் என்பது அவர் கணக்கு. மொய்சேஸுக்கு இப்போது தொப்பை, வழுக்கை, கையில் தொப்பி. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது முடித்து, பழைய இடத்தில் பழையபடி நின்றார்கள். மொய்சேஸ் இடைவெளிக்குள் காலை வைத்தார், தொப்பை எதிலோ இடித்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

"இங்க ஆள் இருக்கு" என்றார்.

ஏழு தலைகள் ஓஸ்வால்தோ பக்கம் திரும்பின. முப்பத்தெட்டு வருஷமாக எந்த வேகத்தில் திரும்பினவோ அதே வேகத்தில் திரும்பின. ஆனால் இந்தத் தடவை அவற்றில் ஒரு தலை பாதியில் நின்றுவிட்டது.

"அவனைப் பாக்காதீங்கடா. கறுப்பு போட்டது நான்" என்றார் ஃபெர்மின்.

ஓஸ்வால்தோ, "என் பொண்ணைக் கையில வாங்கினியே, கொம்பாத்ரே" என்று மட்டும் சொன்னார். மொய்சேஸ் ஏனென்று கேட்டார். ஃபெர்மின் நெரேய்தாவின் விழாவைச் சொன்னார், மருந்துக்காரரைச் சொன்னார், மண்ணுக்குள் வீட்டை இழந்தவருக்கு எதிரில் அதைச் சொல்ல நா கூசியது, ஆனாலும் முழுக்கச் சொன்னார். மொய்சேஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நீயும் போயிருக்கணும்டா" என்றார். "நியூயார்க் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே பஸ்லயே போயிருக்கலாம். நான் தனியா அழுதுட்டே போனேன்."

ஃபெர்மின் ஓரடி பின்னால் வைத்தார், அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஓரடி பின்னால் போனார்கள். அத்தனை வருஷமாக முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர்களில் பின்னால் நகர்ந்து பார்த்தவர் ஒருவருமில்லை. இடைவெளிக்குப் பின்னால் இன்னோர் இடம் வந்தது. மொய்சேஸ் அதில் போய் நின்று கையை நீட்டினார், அது ஒரு தோளில் அமர்ந்தது.

"நான் இவ்ளோ ஒல்லியாவா இருந்தேன்?" என்று கேட்டார்.

அவர் தோளில் ஃபெர்மினின் கை விழுந்தது. அது சதைப்பிடிப்பான, வெதுவெதுப்பான கிழத் தோள். சங்கத்தின் செயலாளர் ஏட்டில் நான்கு என்ற எண்ணை இரண்டு முறை எழுதினார், இரண்டுக்கும் எதிரே ஒரே பெயர். ஓஸ்வால்தோ, கிறிஸ்துமஸ் முடியும்வரை ஃபெர்மினோடு பேசப் போவதில்லை என்று அறிவித்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் அன்று மதியம் அவர் கொண்டுவந்த கறுப்பு பீன்ஸைப் பாத்திரம் வழித்துச் சாப்பிட்டார்கள். மொய்சேஸ் இரண்டு தட்டில் சோறு வாங்கி, ஒன்றைத் தன் பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். காப்பி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அந்தத் தட்டு காலியாகியிருந்தது. பையனுக்குப் பசி போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் வாங்கி வரப் போனார்.