சதுர இருட்டு

தம்பியின் நாக்குப் புண்ணிலிருந்து வெட்டிய துணுக்கு என் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் இருந்தது. சாயம் எதுவும் கிடையாது. உயிருள்ள சதை லேசர் பட்டால் தானாகவே பச்சையாக ஒளிரும். புற்று பிடித்த இடம் மட்டும் இருண்டு கிடக்கும். இருபது வருஷமாக ஊரார் சதையைப் பார்க்கிறேன். தம்பியுடையதை வேறு யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். எனக்குத்தான் யார்மேலும் நம்பிக்கை வராதே!

எல்லாம் பச்சைதான். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்கினேன், லேசரைக் கூட்டினேன், கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சத்தியமாகத் தெரியாது. பார்க்கப் பார்க்க அது கருத்துக்கொண்டே போனது.

"டாக்டர், போச்சு! எல்லாம் போச்சு!"

டாக்டரம்மா ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு, படத்தைச் சிறிதாக்கினார். பச்சைக்கு நடுவே கறுப்பாக ஒரு சதுரம். நாலு மூலையும் கச்சிதமாக இருந்தது.

"ஏம்மா, நோய் என்ன ஸ்கேல் வச்சா வளரும்?"

எனக்கு மூஞ்சி செத்துப்போனது. ஒரே இடத்தில் லேசரை நிறுத்தினால் நல்ல சதையும் ஒளி இழந்து, லேசர் பட்ட சதுரம் மட்டும் கறுத்துவிடும். இதற்காகப் புதிதாக வருகிறவர்களைக் காய்ச்சி எடுப்பவளே நான்தான்.

"அப்ப நோய் இல்லையா, டாக்டர்?"

"அது எப்படித் தெரியும்? பாக்க வேண்டிய இடத்தையே கெடுத்து வச்சிருக்க. இன்னொரு துண்டு எடுக்கணும். நீ வெளிய இரு."

பக்கத்து அறையில் தம்பி வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான்.

"மறுபடி வெட்டணும்டா. அக்காதான் சொதப்பிட்டேன்."

சொல்லிக்கொண்டே அவன் கையைப் பிடித்தேன். அவன் பஞ்சை எடுத்துவிட்டு, மரத்த நாக்கோடு குழறினான்.

"விடுக்கா. எனக்கு நாக்கு நீளம்னு நீதானே சொல்லுவ? கொஞ்சம் குறையட்டும்."

அவன் கை மட்டும் சில்லிட்டிருந்தது.

அதே புண்ணின் ஓரத்தில் இன்னொரு துணுக்கு எடுத்தார்கள். நான் நடையில் பெஞ்சில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் எட்டிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் கதவு திறந்தது.

"ஒரு இடம் விடாம ஒளிருது. சந்தேகமே இல்ல, வெறும் புண்தான். நீயே வந்து ஒரு தடவை பாத்துக்கோ."

எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"வேணாம் டாக்டர். நீங்க பாத்தா போதும். முதல்ல லேசரை அணைங்க."