ஈரம் கழித்த எடை

தங்கமணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசின் மேல் ஏறினாள். பச்சைத் தேயிலை மூட்டைகளை நிறுக்கும் தராசு. இரும்புப் பலகை பாதத்தில் சில்லிட்டது. தொழிற்சாலையில் வேறு யாரும் இல்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் இயந்திரங்கள் ஓடுகின்றன. மற்ற நாட்களில் சாவி, அங்கே இலை நிறுக்கும் அவள் கணவன் வெள்ளியங்கிரியிடம் இருக்கும்.

"நீ இங்க பாக்காத அம்மிணி," என்றாள் மகளிடம்.

முதலில் ஏறி இறங்கியிருந்த வர்ஷா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை. ஒரே குடையில் மூன்று பேர் வந்ததில் தங்கமணியின் முந்தானையும் கொசுவமும் நனைந்திருந்தன.

வெள்ளியங்கிரி தராசுத் தண்டில் குண்டை நகர்த்தினான். தண்டு மேலே போய், கீழே வந்து, நேராக நின்றது.

"எம்பத்தஞ்சு," என்றான்.

"நெசமாவா?"

"எம்பத்தஞ்சுதான்."

அவள் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். தண்டின் பக்கம் பார்க்கவில்லை. தொண்ணூறைத் தாண்டியிருப்போம் என்று பயந்திருந்தாள். திரும்பும்போது குடையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் முன்னால் நடந்தாள். அந்த வாரம் பீரோவின் அடியிலிருந்து ஒரு பழைய மஞ்சள் சேலை வெளியே வந்தது. குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம், "கொஞ்சம் எளச்சிருக்கேன்," என்று சொல்வது வெள்ளியங்கிரியின் காதில் விழுந்தது.

எடை கேட்டவர் செலஸ்டின். சிறுமுகையில் ஆற்றோரம் படகு செய்து விற்பவர். "மொதல்ல குடும்பத்து எடையைச் சொல்லுங்க, பொறவு படகு பாப்போம்," என்று போனில் சொல்லியிருந்தார்.

தேயிலை விலை விழுந்து இது மூன்றாவது வருடம். குன்னூரைச் சுற்றி இலை பறிக்காமலே விட்ட தோட்டங்களில் செடிகள் ஆள் உயரம் வளர்ந்து நின்றன. சிலர் குடும்பத்தோடு திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள். சிலர் மாடு வாங்கினார்கள். "ஊரே மாடு புடிச்சுட்டு வருது, நீங்க படகு புடிக்கப் போறீங்களாமா," என்று டீக்கடைக்காரர் கேட்டார். வெள்ளியங்கிரி சிரித்தான். சம்பளம் பாதி ஆகியிருந்தது. ஆனால் பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக அவனிடம் நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் மூவரும் பஸ் ஏறி மலை இறங்கி, தங்கமணியின் அண்ணன் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்குப் பின்னால் பவானி ஆறு. மூன்று தூண்டில்கள். உச்சி வெயில் வரை உட்கார்ந்திருப்பார்கள். மீன் கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் ரசம். சம்பளம் முழுசாக வந்த காலத்தில் இப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை என்பது அவனுக்கு அவ்வப்போது தோன்றும். யாரிடமும் சொல்லமாட்டான்.

மூவரில் தங்கமணிதான் கெட்டிக்காரி. தக்கை ஆடுவதை வைத்தே புழுவைக் கடிப்பது கெண்டையா, சும்மா கொத்திப் பார்க்கும் பொடிமீனா என்று சொல்லிவிடுவாள். ஆனால் கரையோரத்தில் பொடிகள்தான். பெரிய மீன் எதிர்க்கரை மருதமரத்துக்குக் கீழே, ஆழத்தில். அங்கே போகப் படகு வேண்டும்.

போன வருடம் நாச்சிமுத்துவின் பரிசலில் ஏறப் பார்த்தாள். ஒரு காலை வைத்ததும் பரிசல் அவள் பக்கம் சரிந்து சுழன்றது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும், "நீங்க போங்க, எனக்குக் கரையே போதும்," என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் மருதமரத்தைப் பார்ப்பதை வெள்ளியங்கிரி பார்த்திருக்கிறான். படகு வாங்கி, அதில் அவள் ஏறமாட்டேன் என்றால், வாங்கியதில் அர்த்தமில்லை. இதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

செலஸ்டினின் கொட்டகை ஆற்றை ஒட்டி இருந்தது. நாச்சிமுத்துவும் வந்திருந்தான். படகில் அவனுக்குப் பாதி பங்கு. மலையிலிருந்து இவர்கள் வராத நாட்களில் படகு அவனுடையது. இரண்டு படகுகள் தண்ணீரில் கட்டியிருந்தன. ஒன்று நீலம். மூக்கு கூர்மையாக, இடுப்பு ஒடுங்கி, வழுவழுவென்று இருந்தது. மற்றது சாம்பல் நிறம். அடி தட்டை, இரண்டு முனையும் வெட்டிவிட்டது போல. உள்ளே மூன்று பலகைகள்.

"மாட்டுத் தொட்டி மாதிரி இருக்கு," என்றாள் வர்ஷா.

"தொட்டியேதான் கண்ணு," என்றான் நாச்சிமுத்து. "உங்கப்பன் இதுல புண்ணாக்குக் கரைப்பான்."

"அழகு இல்ல, வேகமும் இல்ல," என்றார் செலஸ்டின். "ஆனா இதுல எந்திரிச்சு நின்னு சேலைய ஒதறிக் கட்டலாம், பாத்துக்கிடுங்க. நீலம் ஓடும். ஆனா எரநூறு கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாது."

வெள்ளியங்கிரி மனதுக்குள் கூட்டினான். தூண்டில், சோற்றுப் பாத்திரம், மீன் வாளி எல்லாம் சேர்த்தும் இருநூறுக்குள் வந்தது. வர்ஷா அதற்குள் நீலப் படகில் உட்கார்ந்துவிட்டாள். தங்கமணி மஞ்சள் சேலையில் கரையில் நின்று, நீலம் நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

அவனும் ஏறி மகளுக்கு எதிரே உட்கார்ந்தான். செலஸ்டின் குனிந்து பார்த்தார். படகின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார், எவ்வளவு எடைக்கு எவ்வளவு அமுங்கும் என்று.

"ரெண்டு பேரும் தொண்ணூறுன்னுல்லா சொன்னீங்க. நூறு காட்டுது."

"காலைல சாப்ட்டு வந்தமுங்க," என்றான் வெள்ளியங்கிரி.

"பத்துக் கிலோ இட்லியா மாப்ள?" என்றான் நாச்சிமுத்து.

வெள்ளியங்கிரி விளிம்புக்கு மேல் குனிந்தான். தண்ணீருக்கு மேலே தெரிந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை நாளில் வரும் இலை நனைந்திருக்கும். நூறு கிலோவுக்குப் பத்து கிலோ ஈரக் கழிவு. கண் தண்டைப் பார்க்கும், வாய் கழித்ததைத்தான் சொல்லும். பதினெட்டு வருடமாக மழை நாளில் முழு எடையை அவன் வாயால் சொன்னதே இல்லை. எடை போட்ட அன்றும் மழை. மூவருமே நனைந்திருந்தார்கள்.

தங்கமணி எண்பத்தைந்தில்லை. அவன் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. தண்டு எங்கே நின்றது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. மஞ்சள் சேலையையும் நினைத்துக்கொண்டான். அண்ணன் பக்கத்தில் நிற்கிறான். கொட்டகையில் இரண்டு ஆசாரிகள் வேறு.

இறங்கினான். "இது வேண்டாமுங்க. தட்டையானதே இருக்கட்டும்."

"ஏம்ப்பா?" என்றாள் வர்ஷா.

"நிறம் எனக்குப் புடிக்கல."

"இத்தன நேரம் நீலத்துலதான உக்காந்திருந்தே," என்றான் நாச்சிமுத்து. "இப்ப ஒரேடியா மாத்தறே. பத்துக் கிலோ இட்லியத் தின்னுபோட்டு, படகு மேல பழி போடாத."

"போதும் மச்சான்."

தங்கமணி கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையிலிருந்து வந்து அவன் சோறு சாப்பிடும்போது சொல்லும் கதைகளெல்லாம் ஈரக் கழிவுச் சண்டைகள்தான். யார் எவ்வளவு கத்தினார்கள், இலையைப் பிழிந்து காட்டு என்று யார் சவால் விட்டார்கள் என்று. அவளுடைய உதடுகள் மெல்ல அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க," என்றாள். "அன்னிக்கு எனக்கும் ஈரம் கழிச்சுட்டீங்களா?"

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"கேக்கறேனில்ல."

"பழக்கம் தங்கமணி. வேணும்னு செய்யல."

நாச்சிமுத்து வாயைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் மூடிக்கொண்டான். கொட்டகைக்குள் இழைப்புளிச் சத்தம் நின்றிருந்தது. தங்கமணி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"செலஸ்டின் அண்ணா, என்ற எடை தொண்ணூத்தி நாலு," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "அதுக்கு எது தாங்குமோ அதக் காட்டுங்க."

"தட்டையானது தாங்கும்," என்றார் செலஸ்டின். "உங்க அண்ணனையும் சேத்தே தாங்கும். வாய் மட்டும் கரையில இருக்கணும்."

முதலில் சிரித்தவன் நாச்சிமுத்துதான்.

செலஸ்டின் தட்டைப் படகைக் கரையோடு ஒட்டிப் பிடித்தார். வெள்ளியங்கிரி உள்ளே நின்று கையை நீட்டினான். தங்கமணி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, அப்படியே நின்றாள். படகு ஒரு விரல் அளவு அமுங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த காலை வைத்தாள். நடுப் பலகையில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, சோற்றுக் கூடையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒம்பது கிலோ பாக்கி வெச்சிருக்கீங்க எனக்கு," என்றாள் அவனிடம் மட்டும் கேட்கும்படி.

"நீ எளச்சுட்டாக் கணக்கு சரியாப் போச்சு."

"ஆசையப் பாரு."

துடுப்பு அவனிடம் இருந்தது. படகு வேகமாகப் போகவில்லை. செலஸ்டின் சொன்னது சரிதான், தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனது. வர்ஷா முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு விளிம்பில் கையைப் போட்டு விரல்களைத் தண்ணீரில் விட்டாள். துவைக்கும் கல், நாச்சிமுத்து, கொட்டகை எல்லாம் மெல்லப் பின்னால் நகர்ந்தன. ஆற்றின் நடுவுக்கு வந்தபோது தங்கமணி திரும்பி வடமேற்கே பார்த்தாள். கரையிலிருந்து பார்த்தால் தென்னைகள் மறைக்கும். இங்கிருந்து மலை அடியிலிருந்து உச்சி வரை முழுதாகத் தெரிந்தது. பாதிக்கு மேல் மேகம்.

"நம்மூரு எதுங்க?"

"அந்த மேகத்துக்குள்ள," என்றான்.

"அங்க இப்ப மழையா இருக்கும்."

"இருக்கும்."

"எங்கப்பா, எங்க?" என்றாள் வர்ஷா.

அவன் துடுப்பைத் தூக்கிக் காட்டினான். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூவரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தார்கள். படகு அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்து, அப்படியே நின்றது.