யார் கைபட்டது?

தம்பியின் கால் வீங்கிய அன்றைக்கே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இது யார் கைவேலை என்று. சாட்சி இல்லை, அவ்வளவுதான். சாட்சி இல்லாதது அவளை எந்தக் காலத்திலும் தடுத்ததில்லை.

தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். அப்பா அம்மா போனபின் தம்பியை வளர்த்து, பஸ் டிரைவர் ஆக்கி, காக்கிச் சட்டையில் அவனைக் கண்குளிரப் பார்த்தவள். தனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் கத்தரிக்கோலைக் காட்டுவாள். தம்பிக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. வந்தவள் வேலை பார்ப்பதோ பூச்சிமருந்துக் கடையில். எலி, கரப்பான், கரையான், எதைச் சொன்னாலும் அதைத் தீர்த்துக்கட்ட ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவாள். சந்தேகப்பட இது போதாதா?

வேலை முடிந்து வந்ததும் அவள் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். மடியில் கனமில்லாதவளுக்கு எதற்கு இவ்வளவு நுரை என்று அக்கா நினைத்தாள். கழுவாமல் அடுப்படிக்குள் நுழைந்திருந்தால் அதற்கும் ஒன்று நினைத்திருப்பாள்.

வீக்கத்தோடு தலைவலியும் வந்தது. டிப்போவில் பரிசோதித்தபோது பிரஷர் எகிறிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் வண்டி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி அன்று சாப்பிடவே இல்லை. ஸ்டியரிங்கைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. அதைப் பிடுங்கினால் பிள்ளை உடைந்துபோவான் என்று அக்கா பயந்தாள்.

அன்றிலிருந்து அவள் கண் அடுப்படியை விட்டு நகரவில்லை. டப்பாக்களைத் திறந்து முகர்ந்தாள். உப்பை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்ன அண்ணி தேடுறீங்க?" என்றாள் தம்பி பெண்டாட்டி, வாசலில் நின்று.

"ஊசி."

"அடுப்படியிலயா?"

"ஊசி என்ன சொல்லிட்டா போகும்? எங்க வேணாலும் விழும்."

தம்பிக்கு ரோட்டுப் புழுதியில் தொண்டை கரகரக்கும். அதற்காக அக்கா கொஞ்ச நாளாக அதிமதுர வேரைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, பிளாஸ்கில் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது உடம்பில் விஷம் ஏறுகிறது என்று முடிவு கட்டியபின் சும்மா இருக்க முடியுமா? நாட்டு மருந்துக் கடையில் வரிசையில் நின்ற ஒரு அம்மாள், அதிமதுரம் விஷத்தையும் முறிக்கும் என்றாள். அந்த அம்மாள் யார் என்று அக்கா கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு விரல்நீள வேர் ஒரு கைப்பிடி ஆனது. தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதித்தது. செடிகொடியில் வருவது என்ன கெடுதல் செய்துவிடும் என்பது அவள் கட்சி. அரளியும் செடிதான் என்று அவளிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

"அக்கா, இனிப்பு திகட்டுது" என்றான் தம்பி.

"வாயை மூடிக்கிட்டு குடிடா."

வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று கேட்க அவனுக்குத் தெம்பில்லை. குடித்தான். அக்கா கொடுத்து அவன் எதையும் வேண்டாம் என்றதில்லை.

அடுத்து அவள் அடுப்படியையே பிடித்துக்கொண்டாள். "இனிமே அவன் சாப்பாடு என் பொறுப்பு. நீ உன் வேலையைப் பாரு." தம்பி பெண்டாட்டிக்குக் கண் கலங்கியது. கரண்டியை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே, அதுவே அக்காவுக்கு உறுத்தியது.

ஆனால் அக்கா கையால் சாப்பிட்டும் தம்பி தேறவில்லை. மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்தான். சட்டைப் பொத்தானைப் போட விரல்களுக்கு வலுவில்லை. பழைய விஷம் உள்ளே தங்கியிருக்கிறது, அதுதான் ஆட்டிவைக்கிறது என்று அக்கா கணக்குப் போட்டாள். பிளாஸ்க் போதாதென்று சாயங்காலமும் ஒரு தம்ளர் கொடுத்தாள்.

ஒருநாள் டிப்போவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவன் கால் பிரேக்குக்கு எழும்பவில்லை. பஸ் போய்ச் சுவரில் உராய்ந்து நின்றது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை. மெக்கானிக்குகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது அவன் நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. டூட்டிப் பை கட்டிலடியில் கிடந்தது. "என்ன மருந்து சாப்பிடறார்?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்றாள் தம்பி பெண்டாட்டி.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, ரத்தத்துல விஷம் இருக்கான்னு பாருங்க. இவ பூச்சிமருந்துக் கடையில வேலை பாக்கிறா!"

தம்பி பெண்டாட்டியின் முகம் வெளுத்துப்போனது. டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்ல யார் சமையல்?"

"இப்ப நான்தான். இவ கையால ஒரு வாய் தண்ணிகூட அவனுக்குப் போகாம பாத்துக்கிட்டேன்."

"அப்போ கொஞ்ச நாளா அவர் வயித்துக்குள்ள போனதெல்லாம் உங்க கையாலதான்?"

"ஆமா" என்றாள் அக்கா, பெருமையாக.

"சாப்பாடு தவிர?"

"வேற ஒண்ணுமில்ல. தொண்டைக்கு அதிமதுரத் தண்ணி, அவ்வளவுதான். அது மருந்துகூட இல்ல. வெறும் வேரு." பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து அவளே நீட்டினாள்.

டாக்டரம்மா மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது.

"தினமும் இவ்வளவு கெட்டியாவா?" என்றவள் உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, அளவு மீறினா இது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கிடும். பிரஷர் ஏறும், கால் வீங்கும். பொட்டாசியத்தை வெளியே தள்ளிடும், கைகால் துவண்டு போகும். அவருக்குக் கொடுத்த பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுற ரகம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயமே நின்னிருக்கும்."

"எல்லார் வீட்லயும் இருக்கிறதுதானே டாக்டரம்மா?"

"இருக்கும். ரெண்டொரு நாள் குடிப்பாங்க. நீங்க சோறு மாதிரி கொடுத்திருக்கீங்க."

அக்காவுக்குக் காது அடைத்தது. அந்த நிலையிலும் அவள் மனசு ஒன்றுக்கு ஆசைப்பட்டது: டாக்டர் சொல்வது தப்பாக இருக்கட்டும், இவள்தான் விஷம் வைத்தாள் என்று ஆகட்டும். தான் நினைத்தது இன்னதென்று புரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தம்பி பிழைப்பதைவிடத் தான் ஜெயிப்பது பெரிதாகிவிட்டதா? சுவரோரம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்ற வரவில்லை.

இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியபின் தம்பிக்கு முகம் தெளிந்தது. எதனால் விழுந்தான் என்பதை டாக்டரம்மா அவனிடமும் சொல்லியிருந்தாள். தண்ணீர் கேட்டான். அக்காதான் பக்கத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரி ஜாடியிலிருந்து தம்ளரில் ஊற்றி, அவசரமாக நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. தம்ளரைப் பார்த்தான். பிறகு, அக்காவைப் பார்க்காமல், கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தான்.

தம்பி பெண்டாட்டி எழுந்து வந்தாள். அக்கா கையிலிருந்து தம்ளரை வாங்கி, முதலில் தான் ஒரு மடக்குக் குடித்தாள். கொஞ்சம் பொறுத்திருந்து, அப்புறம் அவன் வாயில் வைத்தாள். பழிவாங்க அப்படிச் செய்திருந்தால் அக்கா தாங்கிக்கொண்டிருப்பாள். அந்த முகத்தில் இருந்ததோ பயம்.

அக்கா நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் நின்றாள்.